இன்ஜின் பக்கம் நின்றவர்

பழுதான எதையும் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தால் முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "இது கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?" யார் கெடுத்தது என்று மட்டும் கேட்கவே மாட்டார். நாமாகச் சொன்னாலும் காதில் விழாதவர் போல ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருப்பார்.

திரேஸ்புரத்தில், நாட்டுப்படகுகளைக் கரையேற்றி வைக்கும் இடத்துக்குப் பின்னால் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. படகு இன்ஜின்கள்தான் அவருக்குத் தினப்படி வேலை. கார் எப்போதாவது வரும். அதுவும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய கார் என்றால்தான் தொடுவார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படித்தான். இப்போது அவர் அங்கே இல்லை. மகள் வீட்டோடு மணப்பாட்டுக்குப் போய்விட்டார், அங்கேயும் படகு இன்ஜின் பார்க்கிறார் என்று கேள்வி. நான் அவரோடு பழகியது மொத்தம் நாலு மாதம் இருக்கும்.

வண்டியைச் சரிபண்ணத்தான் அவரிடம் போனேன் என்று அன்று நினைத்தேன். உண்மையில் ஒரு தீர்ப்பு வாங்கப் போயிருக்கிறேன்.

ஆத்தூரில் எங்களுக்குக் கருப்பட்டிக் கடை. அப்பாவிடம் வெளிர்பச்சை நிறத்தில் ஒரு பழைய அம்பாசிடர் உண்டு. ஒருநாள் காலையில் கடையில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலது கை தொங்கிவிட்டது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க எங்களுக்குப் பொறுமையில்லை; வண்டிதான் வாசலிலேயே நிற்கிறதே. தம்பி ஓட்டினான். பின் சீட்டில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். முக்காணி, பழையகாயல் எல்லாம் தாண்டி, முள்ளக்காட்டில் உப்பளங்களுக்கு நடுவே வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. தம்பி பானட்டைத் திறந்து என்னென்னவோ செய்து பார்த்தான். கடைசியில் ஒரு உப்பு லாரியை மறித்து அப்பாவை ஏற்றினோம்.

"அரை மணி நேரம் முன்னால வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்று டாக்டர் சொன்னார். அந்த அரை மணியை நான் பிடித்துக்கொண்டேன். அதற்கு முந்தின வாரம்தான் தம்பி அந்தக் கார்புரேட்டரைக் கழற்றி, வீட்டு முற்றத்தில் பரப்பிவைத்துச் சுத்தம் செய்திருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை, சித்தப்பா எல்லாரும் நின்றிருக்க அவனைப் பார்த்துச் சொன்னேன்: "ஓடுன வண்டியைக் கழட்டிப் போட்டு அப்பாவை முடக்கிட்டியேல." அவன் இரண்டு மாதத்தில் சார்ஜாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அங்கே துறைமுகத்தில் கிரேன் பராமரிக்கும் வேலை. வாரம் ஒருமுறை அப்பாவுக்குப் போன் செய்வான். என்னோடு பேச்சில்லை.

மூன்று வருஷம் அப்படியே போயிற்று. அப்பாவின் கால் ஓரளவு தேறியது. பேச்சு வரவில்லை. தினமும் சாயங்காலம் கம்பை ஊன்றிக்கொண்டு அம்பாசிடர் பக்கத்தில் போய் நிற்பார். இடது கையால் பானட்டைத் தட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் ஒருநாள் வண்டியை லோடு லாரியில் ஏற்றித் திரேஸ்புரத்துக்குக் கொண்டுபோனேன்.

அண்ணாச்சி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"என் தம்பி கழட்டுறதுக்கு முன்ன வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு அண்ணாச்சி. அவன்தான் தெரியாத வேலையில கைய வச்சு…"

"நிக்கும்போது எப்படி நின்னுது? பட்டுன்னு நின்னுதா, இழுத்து இழுத்து நின்னுதா?"

"குலுங்கிக் குலுங்கி நின்னுது."

"கெளம்பி எவ்வளவு தூரத்துல?"

"ஒரு பதினஞ்சு கிலோமீட்டர் இருக்கும். அவன் கழட்டுனதுலதான்…"

"சாவியைக் குடுங்கம்மா" என்று கையை நீட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. மூன்று வருஷமாக நான் சொல்லிவருவதை ஒரு மெக்கானிக் ஒரே வார்த்தையில் ஆமோதித்திருக்கலாம். எந்தப் பட்டறைக்குப் போனாலும் பழைய வேலையைப் பழித்துவிட்டுத்தானே புது வேலையை ஆரம்பிப்பார்கள். இவரிடம் அது கிடைக்கவில்லை.

கடைக்குச் சாமான் எடுக்கத் தூத்துக்குடி போகும் நாளெல்லாம் கொட்டகைக்கும் போவேன். அவருடைய மனைவியும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். கருவாட்டு வியாபாரம். காலையில் ஏலத்தை முடித்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்துவிடுவார். மதினி என்று கூப்பிடுவேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரிடமே கேட்டேன், "அண்ணாச்சி யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாவளா?"

மதினி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தூக்கு ஆடியது.

"இவியளா? முந்தி இந்த மனுசன் வாயைத் தொறந்தா சாக்கடை. ஒருநா கீழக்கரையிலருந்து ஒரு ஜீப்பு வந்துச்சு. கார்புரேட்டரைத் தொறந்ததும் ஆரம்பிச்சாவ பாத்துக்கோ. எந்த மடையன் செஞ்ச வேலை, இவனுக்கெல்லாம் எவன் ஸ்பானர் பிடிக்கச் சொல்லிக்குடுத்தான்னு, கூடிநின்ன பத்துப் பேருக்கும் கேக்க அரை மணி நேரம் பேச்சு. உள்ள பாத்தா ஒரு வாஷர். தேங்காயெண்ணெய் டின்னை வெட்டிச் செஞ்ச வாஷர். இந்தத் தூத்துக்குடியிலயே அப்படி வாஷர் வெட்டுறது ஒரே ஆளுதான்."

"அண்ணாச்சியேவா?"

"ஏழெட்டு வருசத்துக்கு முன்ன இவிய செஞ்ச வேலைதான். மறந்து போச்சு. ஜீப்புக்காரரு ரொம்ப மரியாதையானவரு, ஒண்ணும் சொல்லல. இவியளுக்குத்தான் மொகம் செத்துப் போச்சு. அன்னைலருந்து அந்த வாயி மூடிக்கிச்சு."

அண்ணாச்சிக்கு இது காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. தலையைத் தூக்காமல் சொன்னார்: "அந்த வாஷரை அன்னைக்கு ஏன் அப்படி வெட்டுனேன்னு இன்னைக்கும் எனக்கு ஞாபகம் வரல. ஏதோ காரணம் இருந்திருக்கும். கையில வேற ஒண்ணும் இல்லாம இருந்திருக்கும். கை வச்சவன் கெடுக்கணும்னு வைக்கலம்மா."

இது எல்லாருக்கும் பிடித்த குணம் என்று சொல்ல முடியாது. ஒருநாள் தருவைகுளத்துக்காரர் ஒருவர் தன் படகு இன்ஜினை இரண்டு ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வேறு ஒரு பட்டறையில் பார்த்த இன்ஜின். பெட்ரோல் குழாயைச் சரியாக இறுக்காமல் விட்டதால் கடலில் வைத்துக் கசிந்திருக்கிறது. தீப்பிடிக்காதது அவர் அதிர்ஷ்டம். அந்தப் பட்டறைக்காரனோடு பஞ்சாயத்து வைக்கப் போகிறார், அண்ணாச்சி வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

"கிளிப்பு லூஸா இருக்கு. அதைச் சொல்லுவேன். அவன் வேணும்னு விட்டான், குடிச்சிட்டு விட்டான்னு நீரு சொல்லுறதை நான் சொல்ல மாட்டேன்."

"நீரு யாரு பக்கம் வே?" என்று அவர் கத்தினார்.

"நான் இன்ஜின் பக்கம்" என்றார் அண்ணாச்சி.

அவர் காறித் துப்பிவிட்டு இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போனார். இது கோழைத்தனம் இல்லையா என்று எனக்கு அப்போது தோன்றியது. ஆனால் அன்று மத்தியானமே அண்ணாச்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த இன்னொரு பட்டறைக்குப் போயிருக்கிறார். ஒரு குழாயையும் கிளிப்பையும் கையோடு கொண்டுபோய், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று செய்து காட்டிவிட்டு வந்திருக்கிறார். மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் கார்புரேட்டரை அவர் பிரித்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிய வரிசையிலேயே வைத்தார். மூன்று வருஷம் நின்றதில் பெட்ரோல் வற்றி, அது தேங்கும் கிண்ணத்தின் அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டியிருந்தது. ஊசி வால்வு அசையவில்லை. டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு அப்பளமாக நொறுங்கியது. பித்தளை மிதவையை வெந்நீரில் அமுக்கிப் பிடித்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. "ஓட்டையில்ல. நல்லாருக்கு." குண்டூசி நுழையாத அளவுக்குச் சின்ன ஓட்டையுள்ள, பெட்ரோல் பாயும் ஜெட்டுகளை மருந்தில் ஊறவைத்து, காற்றடித்து, ஒவ்வொன்றாகக் கண்ணருகே உயர்த்தி ஆகாயத்தைப் பார்த்தார். "கம்பி விட்டுக் குத்துனா ஓட்டை பெருத்துரும். அப்புறம் பெட்ரோலைக் குடிச்சுத் தீத்துரும். உங்க தம்பி கம்பி விடல. விட்டிருந்தா கீறல் தெரியும்."

அடுத்து அவர், கசியாமல் இருக்க இடையில் வைக்கும் கேஸ்கெட்டைப் பிரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தம்பி அட்டையில் பிளேடால் வெட்டிய கேஸ்கெட்.

"ஓட்டைக ஒண்ணுலயாவது பிசிறு இருக்கான்னு பாருங்க. பொறுமையுள்ள கை."

"அப்போ வண்டி ஏன் அண்ணாச்சி நின்னுது?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சா சொல்லுதேன்."

கார்புரேட்டரின் அடித்தட்டு சூட்டில் லேசாக வளைந்திருந்தது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, அதில் இரண்டு நாள் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினார். டயாஃப்ரமும் ஊசி வால்வும் மதுரையிலிருந்து வந்தன. பெட்ரோல் டாங்கையும் இறக்கிக் கழுவினார். எல்லாம் பூட்டி முடித்த அன்று, டாங்கில் இன்னும் ஈரம் காயவில்லை என்று, பானட்டுக்குள் ஒரு சின்னக் கேனைத் தொங்கவிட்டு அதிலிருந்து பெட்ரோல் கொடுத்தார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார். மூன்றாவது தடவையில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மதினி கைதட்டினார். அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. தம்பிதான் காரணம் என்று நான் நினைத்தது சரியாகிவிட்டது. புதிதாகப் பூட்டியதும் ஓடுகிறதே.

மறுநாள் டாங்கைப் பூட்டி நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு தருவைகுளம் வரை போய்வரலாம் என்றார். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் கண்ணை மூடி இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். வெள்ளப்பட்டியைத் தாண்டியதும் ஸ்டியரிங் என் கையில் குலுங்கியது. இன்னொரு தடவை. முள்ளக்காட்டில் பார்த்த அதே குலுங்கல். வண்டி நின்றுவிட்டது.

அண்ணாச்சி இறங்கி ரோட்டோரத்திலேயே கார்புரேட்டரின் மூடியைக் கழற்றினார். கிண்ணம் காய்ந்து கிடந்தது. "இதுல குத்தமில்ல. இதுக்குப் பெட்ரோலே வந்து சேரல" என்றார். பம்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு வண்டியின் பின்பக்கம் போய் நின்று, "டாங்கு மூடிச் சாவி?" என்று கேட்டார்.

கொத்திலிருந்து சின்னச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் மூடியைத் திருப்பியதும் 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, ஆனால் உள்நோக்கி. அவர் மூடியைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

கொஞ்ச நேரம் சுழன்று, ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது.

"பெட்ரோல் கொறையக் கொறைய டாங்குக்குள்ள காத்துப் போகணும்மா. பழைய மூடியில அதுக்கு ஒரு ஓட்டை உண்டு. இதுல இல்ல. உள்ள வெற்றிடமாயி பம்பு இழுக்க முடியாம நின்னிருது. டாங்கு நெறஞ்சிருந்தா இன்னும் சீக்கிரம் நிக்கும். பக்கத்துல ஓட்டுனா தெரியாது. தூரம் போனாத்தான்."

நான் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். அந்தப் பூட்டு மூடியை வாங்கி மாட்டியது நான். அதை மாட்டிய பிறகு வண்டி முதன்முதலாக வெளியூர் போனது திருச்செந்தூருக்கு. காயல்பட்டினத்தில் குலுங்கியது. அதனால்தான் தம்பி கார்புரேட்டரைக் கழற்றினான். எது முதலில், எது பிறகு என்பதை நான் ஒருநாளும் வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை. அப்பாவை அவசரமாகக் கூட்டிப் போன நாளுக்கு முந்தின நாள்தான் டாங்கை நிரப்பியிருந்தோம்.

"அந்த மூடி நான் வாங்குனது அண்ணாச்சி."

அண்ணாச்சி, எதிரே வந்த மீன் வண்டி போகும் வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார், "எதுக்கு வாங்குனிய?"

"யாரோ பெட்ரோலை உறிஞ்சிட்டுப் போறாங்கன்னு அப்பா சங்கடப்பட்டாவ. அதான்."

"அப்போ அப்பாவுக்குன்னுதான வாங்கியிருக்கிய."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "டாங்கைக் கழுவுனது நான். இந்த மூடியைத் தொறந்து மூடுனது நான். நாப்பது வருசம் இந்த வேலை பாக்கேன், எனக்கே தோணல. நீங்க கருப்பட்டி விக்கிறவிய, உங்களுக்கு எப்படித் தோணும்?"

அழுது முடித்ததும் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "வீட்டுல கார்புரேட்டர்தான் கோளாறுன்னு சொல்லிக்கிடட்டுமா அண்ணாச்சி?"

"உங்க வீட்டுல என்ன சொல்லணும்னு நான் சொல்ல முடியாது. நானா வாயைத் தொறக்க மாட்டேன். ஆனா உங்க தம்பி வந்து கேட்டா உள்ளதைச் சொல்லுவேன்." மூடியைப் பேன்ட் பையில் போடுவது போலக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டார். "இதுல ஒரு சின்ன ஓட்டை போட்டாப் போதும். வேலை முடிஞ்சுது."

அன்று சாயங்காலம் சார்ஜாவுக்குப் போன் செய்தேன். பின்னால் கிரேன் சத்தம் கேட்டது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடியிலிருந்தே ஆரம்பித்து முடித்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாலயும் சொன்ன. இதைப் போன்ல சொல்லுத" என்றான். வைத்துவிட்டான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து அம்பாசிடரை எடுத்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் அத்தை வீடு, ஏரலில் சித்தப்பா வீடு, அப்புறம் ஆத்தூரிலேயே இரண்டு வீடு. அன்று வராந்தாவில் நின்றிருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், காபி தருவதற்கு முன்பே சொன்னேன். அத்தை, "இப்ப எதுக்குளா அந்தப் பழங்கதை?" என்றாள். "தம்பி மேல தப்பில்லத்தே, அதுக்குத்தான்" என்றேன். நாலு வீட்டிலும் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். என்னை மன்னித்தாரா, தம்பிக்காகச் சந்தோஷப்பட்டாரா என்று கேட்க முடியவில்லை. திரும்பி வரும்போது இடது கையை என் தோளில் வைத்துக்கொண்டார்.

யார் சொன்னார்களோ, மூன்றாம் நாள் தம்பியே கூப்பிட்டான். "ஹலோ" என்றான். நலம் விசாரிக்கவில்லை. "சூடானப்புறம் சும்மா ஓடவிட்டா ஐட்லிங் அணையாம நிக்கா?"

"நிக்கி. ஆனா கொஞ்சம் அதிருது."

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டு."

போனோடு வாசலுக்கு ஓடி, வண்டியைக் கிளப்பி, பானட்டைத் திறந்து போனைப் பக்கத்தில் பிடித்தேன். ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டே இருந்தான். "ஏர் ஸ்க்ரூவைக் கால் சுத்துத் தொறக்கச் சொல்லு" என்றான்.

வண்டியைக் கொண்டுபோய் அதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கால் சுற்றுத் திறந்தார், காதைக் கொடுத்தார், அதிர்வு நின்றது. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, வண்டி முதலில் கிளம்பிய அன்றுகூட நான் பார்க்கவில்லை. "கடல் தாண்டி இருந்துக்கிட்டுக் கேட்டிருக்காரும்மா! அவரு லீவுல வந்தா இங்கன அனுப்புங்க."

பொங்கலுக்கு முந்தின வாரம் தம்பி வந்தான். வந்த மறுநாளே அண்ணாச்சியைப் பார்க்கத் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனான். காலையில் போனவன் சாயங்காலம்தான் திரும்பினான். சட்டையெல்லாம் கிரீஸ், கூடவே கருவாட்டு வாசம். மதினி ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தார். அண்ணாச்சி என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒரு படகு இன்ஜினை இரண்டு பேருமாகப் பிரித்துப் பூட்டினோம் என்றான். வேறு ஒன்றும் பேசவில்லையா என்றேன். பேசுவதற்கு நேரமில்லை என்றான்.

குளித்துவிட்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இலையைப் போட்டேன். வந்ததிலிருந்து என்னிடம் எது கேட்டாலும் சுவரைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தவன், இரண்டாவது சோற்றுக்குத் தலையை நிமிர்த்தினான்.

"ரசம் ஊத்துக்கா" என்றான்.